பத்தாவது பல்

கண்ணு,

நீ அனுப்பிய படங்களைக் கீழ் வீட்டுப் பெண், சூலே பகோடா பக்கத்து இணையக் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மத்தியானத்திலிருந்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் முகம் ஒன்றில்கூட இல்லை. என் மருமகள் மா சூவின் வயிறு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கலாம் என்றால் அவளும் இல்லை. எல்லாவற்றிலும் கறுப்பு ரப்பர்தான். பெற்றவளுக்குப் படம் அனுப்பு என்றால் ரப்பரை அனுப்புகிறானே என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "பெல்ட்டுக் கடைக்காரி பெத்த பிள்ளை வேற எதை அனுப்பும்?" என்றார். கண்ணில் சதை வளர்ந்து பாதி தெரிவதில்லை, பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குப் பர்மா எழுத்து ஓடுகிற அளவுக்கு இது ஓடாது, தெரியும். மெதுவாகப் படி. படித்துவிட்டு மா சூவுக்கு அவள் பாஷையில் சொல்லு, ஒன்றையும் விழுங்காமல் சொல்லு. எனக்கும் எழுத முடியவில்லை. முட்டி வலி, கழுத்து வலி, இப்போது விரலும் மரத்துப்போகிறது. தாமுவேயிலிருந்து பஸ் பிடித்து, பபேடானில் இறங்கி, கடைப் பூட்டைத் திறக்கும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. சாயங்காலம் பூட்டும்போது மீதியும் போகிறது. வீட்டுக்கு வந்தால் விளக்குப் போட மீ இருக்காது; இருட்டில் சமைத்து, இருட்டில் சாப்பிட்டு, விசிறியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊரில் கரண்டு இல்லாததால்தான் எல்லோரும் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர் இருப்பதால்தான் நம் கடையில் மெஷின் பெல்ட்டு விற்கிறது, அதனால் நான் மீயைத் திட்டவும் கூடாது. சோர்ந்துபோய்விட்டேன், கண்ணு. ஆனால் நீ கேட்ட விஷயம் சோர்வைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற விஷயம் இல்லை.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். வீடு ஏரிக்கு இந்தப் பக்கம். நீ சமைக்கிற ஹோட்டலும், மா சூ பிரசவத்துக்குப் போக வேண்டிய ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். குளிரில் ஏரி கல்லாக இறுகிவிடும், அதன்மேல் ஸ்னோமொபைலில் போய்வருகிறீர்கள். சுற்றிப் போகிற ரோடு பனி கொட்டினால் அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிக்கு அடியில் சுற்றுகிற ரப்பர்ப் பட்டை கிழிந்துவிட்டது. நீ அதை ட்ராக் என்கிறாய், எனக்கு அது பெல்ட்டுதான். உள்பக்கம் பல் இருக்கிறது, சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துத் தள்ளுகிறது, வெளிப்பக்கம் ரப்பர்க் கட்டைகள் பனியைப் பிடித்துத் தள்ளுகின்றன. பழையதைக் கழற்றிவிட்டு எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். ஏழு மாசக்காரியைப் பின்னால் உட்கார வைத்து ஐஸ்மேல் போகப்போகிறவன் எதைப் போட வேண்டும் என்றுதான் அந்தக் கேள்வியை நான் படித்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு நாளாகத் தூக்கமும் சரியாக இல்லை.

கீழ் வீட்டுப் பெண் கம்ப்யூட்டரில் தேடி, நாலைந்து தாள் எடுத்துக் கொடுத்து, இங்கிலீஷை எனக்குப் பர்மாவில் சொன்னாள். பனியை நான் ஐஸ் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ரப்பர் எந்த ஊரிலும் ரப்பர்தான். உன்னோடு வேலை பார்க்கிற பையன், கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு பலம் என்றானாமே, அவன் பேச்சைக் கேட்காதே. இடுப்பளவு புதுப்பனியில் போகிறவனுக்கு உயரக் கட்டை வேண்டும். நீ போவது இறுகிக் கிடக்கிற ஏரி. அங்கே உயரக் கட்டை மடங்கும், சூடாகும், என்ஜினையும் களைக்க வைக்கும். வண்டியின் வயிற்றில் இடம் போதாவிட்டால் மேலே உரசி உரசிப் பிய்ந்துபோகும். குட்டைக் கட்டையாகப் பார், ஐஸில் வழுக்காமல் இருக்க ஆணி அடிக்க இடம் விட்டதாகப் பார். பழைய சரக்காக இருந்தால் வளைத்துப் பார்க்காமல் வாங்காதே. கட்டையின் அடிவாரத்தில் வெடிப்பு இருக்கிறதா, உள்ளே குறுக்கே போகிற கம்பி எங்காவது ஒடிந்து தொளதொளவென்று ஆடுகிறதா, பல் ஏதாவது கழன்றிருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். மாட்டின பிறகு ரொம்ப இறுக்கவும் கூடாது, ரொம்பத் தளர்த்தவும் கூடாது. அது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அதன்படி செய்.

இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும். பெல்ட்டுக் கட்டுகளுக்கு நடுவில்தானே வளர்ந்தாய். நீ கேட்க வந்தது இது இல்லை என்று உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் தெரிந்துவிட்டது. முதலாளிக் கிழவர் தன் கொட்டகையில் கிடந்த ஒரு ட்ராக்கைத் தூசி தட்டி, கழுவி, தானே வண்டியில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார்; நீளமும் அகலமும் சரிதான், பல் மட்டும் கொஞ்சம் ஒத்துவரவில்லை, கொஞ்சம் தளர்த்திப் போட்டால் ஓடும் என்கிறார், ஆனாதேயாக இருக்கிறது அம்மா, என்று எழுதியிருக்கிறாய். மீதியெல்லாம் தமிழும் இங்கிலீஷுமாக எழுதிவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் பர்மா எழுத்தில் எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியை விட்டு நகரவே இல்லை.

ஆனாதே. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. அடுத்தவர் மனம் நோகுமே என்று நம் வாய் அடைத்துக்கொள்கிறதே, அது. கூச்சம் என்றால் போதாது, தாட்சண்யம் என்றால் கொஞ்சம் கிட்ட வரும். நல்ல குணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அது இல்லாத ஊரில் நான் குடியிருக்க மாட்டேன். ஆனால் உனக்கும் உன் அப்பாவுக்கும் அது அளவு மீறி இருக்கிறது. நீ மூன்றாவது படிக்கும்போது எதிர்வீட்டு டோ மியா தன் பேரனுக்குச் சின்னதாகிவிட்டது என்று ஒரு ஜோடி ஷூ கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறதா? உனக்கும் அது சின்னதுதான். விரலை மடக்கிக்கொண்டே நடந்தாய். எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலைக் கழுவும்போது பார்த்தால் நகமெல்லாம் கறுத்து, கட்டைவிரல் சீழ் பிடித்திருந்தது. ஏன்டா சொல்லவில்லை என்று முதுகில் ஒன்று வைத்தேன். "டோ மியா தினமும் வாசல்ல நின்னு பாக்குறாங்கம்மா. போடலைன்னா ஆனாதேயா இருக்கும்" என்றாய். மூன்றாவது படிக்கிற பிள்ளை. நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன், அன்றைக்கே பயப்பட்டும் இருக்க வேண்டும். இப்போது அதே பிள்ளை அளவு சரியில்லாத ட்ராக்கை வண்டிக்கு மாட்டப் பார்க்கிறான்.

பல் கொஞ்சம் ஒத்துவரவில்லை என்றாயே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உனக்குக் காட்டுகிறேன். நீ பழையதையும் கிழவர் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எடுத்த படம் ஒன்று இருக்கிறது, நல்லவேளை. கடையில் நாங்கள் எப்படிப் பார்ப்போம்? ஒரு பல்லை ஒருநாளும் அளக்க மாட்டோம். ஒரு பல்லில் எல்லா பெல்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பத்துப் பல்லைச் சேர்த்துப் பார்ப்போம். நான் அந்தப் படத்தில் இரண்டிலும் முதல் பல்லில் பேனாவால் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டாவதில் தெரியவில்லை. நாலாவதில் லேசாக நகர்ந்திருக்கிறது. பத்தாவதற்கு வரும்போது அரைப் பல் தள்ளிப் போய்விட்டது. நம்பாவிட்டால் நீயே ஒரு பேப்பரை விரித்து, பழையதன்மேல் வைத்து அழுத்திப் பத்துப் பல்லுக்கும் பென்சிலால் குறித்து, அதைக் கொண்டுபோய்க் கிழவருடையதன்மேல் வைத்துப் பார். இதைத் தளர்த்திப் போட்டால் ஓடும், ஓடாமல் என்ன. மெதுவாகப் போகும்வரை ஓடும். பின்னால் ஒரு ஆள் பாரம் ஏறி, ஏரி நடுவில் நீ வேகம் கொடுக்கும்போது சக்கரம் ஒரு பல் தாவும், அப்புறம் இன்னொன்று, அப்புறம் அறுத்துக்கொண்டு போகும். நீ எழுதுகிற அந்தக் குளிரில் வண்டி நின்றுபோனால் வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? கிழவர் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. அவர் நீளத்தையும் அகலத்தையும் பார்த்தார், முதல் பல்லைப் பார்த்தார். பாசமாகக் கொடுக்கிறவர்கள் அதற்கு மேல் பார்ப்பதில்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. உன் அப்பாவின் வலது கையைப் பற்றியது. மோதிர விரலும் சுண்டு விரலும் எப்படிப் போயின என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்: அக்கரையில் டலாவில் ஒரு அரிசி மில்லில் பெல்ட்டு மாட்டப் போனார், பராக்குப் பார்த்துக்கொண்டு கையை விட்டுவிட்டார். நீ மட்டும் இல்லை, பபேடான் தெரு முழுக்க அப்படித்தான் நம்புகிறது. பெல்ட்டுக்காரன் கையைப் பெல்ட்டே தின்றது என்று எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். நடந்தது அது இல்லை.

அந்த மில் ஊ சானுடையது. தங்கமான மனுஷர். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் நமக்கு ஒரு மூட்டைப் புது அரிசி அனுப்புவாரே, அவரேதான். அவர் ஒரு பழைய மெஷினிலிருந்து கழற்றிய பல் பெல்ட்டைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு, வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி, ஸயா, இதைப் போட்டுக் கொடுங்கள் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். இவர் போனதும் வழக்கம்போலப் பேப்பரைப் போட்டுப் பத்துப் பல்லும் குறித்தார். தள்ளிப் போயிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்குள் ஊ சானின் சம்சாரம் இலை போட்டுவிட்டாள். நாங்கள் மாடு சாப்பிட மாட்டோம் என்று தனிச் சட்டி வைத்து, தனிக் கரண்டி வைத்து, கோழி சமைத்திருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஊ சான், "சரியா வருமா, ஸயா?" என்று கேட்டார். இவர், "யபாதே" என்றார். பரவாயில்லை என்றாலும் அதே சொல், சரிப்படும் என்றாலும் அதே சொல். அவர் சரிப்படும் என்று எடுத்துக்கொண்டார்.

மாட்டி ஓட்டினார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. நெல்லைக் கொட்டினதும் பல் தாவ ஆரம்பித்தது, பெல்ட்டு சக்கரத்தின் ஓரத்துக்கு நடந்து வந்தது. பக்கத்தில் ஊ சானின் ஆள் ஒருவன் குனிந்து நின்றான். அவன் முகத்தில் அடிக்கப் போகிறதே என்று உன் அப்பா என்ஜினை நிறுத்தக் கையை நீட்டினார், அப்போதுதான் பிடித்தது. மறக்க முடியாதது என்னவென்றால், கண்ணு, ரத்தம் வழிய வழிய உட்கார்ந்திருக்கிறார், ஊ சான் காலடியில் விழுந்து அழுகிறார், இவர் மற்றக் கையால் அவர் தோளைத் தட்டி "யபாதே, யபாதே" என்று சொல்கிறார். எனக்கு அந்த நிமிஷம் இரண்டு பேரையும் ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். இவருக்கு விரல் நாசம்.

ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் சொல்லிவிட்டார், தான் பராக்குப் பார்த்ததாகத்தான் வெளியே சொல்ல வேண்டும் என்று. ஊ சானுக்குத் தன் பெல்ட்டின் பல் ஒத்துவராததால்தான் போச்சு என்று தெரிந்தால் மனம் உடைந்துபோவாராம். எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் சொல்லவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் அவரோடு சண்டை போட்டு, "நீங்க கவனமா இருக்கறதைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்கப்பா, உங்க கையைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும்" என்றாய். நான் அடுப்படியிலிருந்து வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கண்ணால் தடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அது உனக்கு மறந்தும் போயிருக்கும். அவருக்கு மறக்கவில்லை. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஊ சான் போன மழைக்காலத்தில் தவறிவிட்டார், இனி யார் மனமும் நோகாது, அதனால் எழுதுகிறேன். உன் அப்பா கவனமில்லாதவர் இல்லை. அந்த பெல்ட்டு சரியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நீயும் அங்கேயே நிற்கிறாய். உனக்கும் தெரியும், தெரியாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டாய். கிழவர் உனக்கு வேலை கொடுத்தார், தங்க அறை கொடுத்தார், முதல் குளிருக்குத் தன் கோட்டையே கழற்றிக் கொடுத்தார் என்று நீ சொல்லியிருக்கிறாய். நன்றி மறக்காதே. அவருக்குக் கோழிக் குழம்பு வைத்துக் கொண்டுபோ, அவர் வீட்டுக் கூரையில் பனி அள்ளிக் கொடு, பிள்ளை பிறந்தால் முதலில் அவர் மடியில் வை. ட்ராக்கை மட்டும் மாட்டாதே. பேப்பரைக் கொண்டுபோய் அவர் கண்ணெதிரிலேயே பத்துப் பல்லையும் வைத்துக் காட்டு. பழைய ட்ராக் வைத்திருக்கிற மனுஷருக்கு அது புரியாமல் போகாது. அந்த ஊரில் 'நோ' என்றால் யாரும் செத்துப்போவதில்லை என்று நீதான் போன வருஷம் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அப்புறம் என்ன?

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இவ்வளவும் எழுதி முடித்து உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மில் கதை வந்ததும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படித்து முடித்ததும், "எல்லாம் சரி. ஆனா அவனால சொல்ல முடியாது" என்றார்.

"ஏன் முடியாது? வாயில்லையா?"

"என் பிள்ளை. முடியாது. கிழவர் மூஞ்சியைப் பார்த்ததும் யபாதேன்னு சொல்லிட்டு வந்துருவான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்படியானால் என்னதான் எழுத, நீங்களே சொல்லுங்கள் என்று பேனாவைக் கீழே போட்டேன். அந்த நேரம் பார்த்து மீ வந்தது, தெரு முழுக்கப் பிள்ளைகள் கத்தின. இவர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உன் படத்தை எடுத்து, நான் போட்ட கோடுகளை அந்த மூன்று விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பத்தாவதில் வந்து நிறுத்தினார்.

"அவன் வேண்டாம்னு சொல்ல வேணாம்" என்றார். "எங்கப்பா வேண்டாம்னுட்டார்னு சொல்லட்டும். அப்பா பெல்ட்டுக்காரர், ஒத்துக்க மாட்டேங்கிறார், என்ன செய்யன்னு சொல்லட்டும். கிழவருக்கு வருத்தம்னா என் மேல வரட்டும். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து என்னை என்ன செய்யப்போறார்?"

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான். எழுது. வேண்டாம்."

எனக்கு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் எத்தனையோ ஞாபகம் இருக்கிறது. இந்த மனுஷர் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. விரல் போன அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு, பார்த்தே இராத ஒரு கிழவருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை உன் கையில் தருகிறேன், கண்ணு. இது கிடைத்த மறுநாள் காலையிலேயே கிழவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

அம்மா